எப்போதும் இருந்தார்களாம்!

2024 ஏப்ரலில் மனித குலத்துக்கு ஒரு பேராபத்து நேர்ந்தது. நிலநடுக்கம் அல்ல. கொள்ளைநோய் அல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட விளையாட்டு விதிநூலில், தங்கக் கவசம் அணிந்த மெய்க்காவல் வீரர் ஒருவர் பெண்ணாக இருந்தார்.

அவ்வளவுதான் செய்தி. அவர் பெயர் காலடேஸ் டாரோவேலியா கெஷ். சிறுகதை என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு துணுக்கில் வந்து போகிறார். அதற்கே மேற்குலகின் ஆண்மை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டுவிட்டது. தலை நரைத்தவர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து, தங்கள் பால்யத்தை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டதாகக் குரல் தழுதழுக்கப் பேசினார்கள். பொம்மைகளை விற்றுவிட்டு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கப்போவதில்லை என்று சபதம் போட்டார்கள். அடுத்த பெட்டி கடைக்கு வந்ததும் சபதத்தை ஒத்திவைத்தார்கள்.

விளையாட்டின் பெயர் வார்ஹாமர் 40,000. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987ல் கொண்டுவந்தது. கதை நடப்பது இன்னும் முப்பத்தெட்டாயிரம் ஆண்டுகள் கழித்து. வாங்கும்போது பொம்மை பொம்மையாக இருக்காது. பிளாஸ்டிக் சட்டத்தில் கை வேறு, கால் வேறு, தலை வேறாகத் தொங்கும். வெட்டி, உரசி, ஒட்டி, வண்ணம் பூசி, மேஜையில் அணிவகுத்து, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். முழுப் படை ஒன்று சேர்க்க நம்மூர் நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளம் சுவாகா. அதன் பிறகு இரவெல்லாம் விளக்கடியில் குனிந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் பொம்மைக்குக் கண் எழுதுவார்கள். உதட்டுக்குச் சாயம். கன்னத்துக்கு நிழல். அங்கியின் மடிப்புக்குள் மை. பெற்ற மகள் இதே வேலையைச் செய்தால் உருப்படுகிற வழியைப் பார் என்று அதட்டுகிற அதே கை.

அந்த உலகத்தின் ராஜா பத்தாயிரம் வருடமாகச் சிம்மாசனத்தில் பிணமாக உட்கார்ந்திருக்கிறார். அவரை அணையாமல் வைத்திருக்க நாளுக்கு ஆயிரம் பேரைப் பலி கொடுக்கிறார்கள். பச்சைநிற ஓர்க்குகள் தாய் வயிற்றில் பிறப்பதில்லை, காளான் மாதிரி மண்ணிலிருந்து முளைக்கின்றன. அவை தங்கள் வண்டிக்குச் சிவப்பு வண்ணம் அடித்தால் வண்டி நிஜமாகவே வேகமாக ஓடும். இதில் எதற்கும் எவரும் ஆதாரம் கேட்டதில்லை. தங்கக் கவசத்துக்குள் ஒரு பெண் என்றதும் எல்லோருக்கும் உயிரியல் பாடம் ஞாபகம் வந்துவிட்டது.

அழுதவர்கள் பக்கம் ஒரே ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனம் புளுகியது. கூச்சல் எழுந்ததும் அவர்கள் தந்த பதிலின் சாரம் இது: இந்தப் படையில் பெண்கள் முதல் நாளிலிருந்தே, எப்போதும், இருந்தார்கள்.

எப்போதுமா? அதே நிறுவனத்தின் முந்தைய விதிநூலைப் புரட்டினால், இந்தக் காவலர்கள் உயர்குடிகளின் மகன்களாகப் பிறந்து, கைக்குழந்தையாகக் காணிக்கை கொடுக்கப்பட்டவர்கள் என்று அச்சில் இருக்கிறது. மகன்கள். நூலாசிரியர் பார்க்கவில்லை. ஓவியர் பார்க்கவில்லை. சிற்பி பார்க்கவில்லை. அச்சு வார்த்தவர் பார்க்கவில்லை. ஆனால் எப்போதும் இருந்தார்களாம். நம் வாக்காளர் பட்டியலில் செத்தவர்கள் இருப்பதுபோல இவர்கள் உயிரோடு இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

இதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றியது, சேர்க்கிறோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன ஆகும்? இத்தனை வருடம் ஏன் தோன்றவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இந்தப் புளுகு. பெண்ணை மதித்து அல்ல.

ஏன் தோன்றவில்லை என்பதற்குப் பதில் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. 1980களின் கடைசியில் இதே நிறுவனம் கவசம் போட்ட பெண் பொம்மைகள் இரண்டை வார்த்து விற்றது. பெண் பொம்மை விற்காது என்பது அன்றைய கடைக்காரர்களின் கணக்கு. கணக்கு போட்டவர்கள் கடைக்காரர்கள். பழியைச் சுமந்தது ஹார்மோன். இதே விளையாட்டின் இன்னொரு படையான விண்வெளிப் படைவீரரை உருவாக்கப் பத்தொன்பது உறுப்புகள் உடலில் பதிக்கப்படும், அந்த உறுப்புகள் ஆண் ஹார்மோனோடு மட்டும்தான் ஒத்துப்போகும் என்று 1988ல் நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகையான வைட் ட்வார்ஃப் ஒரு புராணத்தை எழுதியது. விற்பனை அறிக்கை வேதமானது இப்படித்தான்.

அந்த உறுப்புகளைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டாவது இதயம் ஒன்று. மூன்றாவது நுரையீரல் ஒன்று. எதிரியின் சதையைத் தின்றால் அவன் நினைவுகளைக் கறந்து தருகிற உறுப்பு ஒன்று. எச்சில் துப்பினால் விஷமாக விழும் சுரப்பி ஒன்று. இத்தனையும் மருத்துவ ரீதியாகச் சாத்தியம். கருப்பை மட்டும் இடைஞ்சல். நாற்பத்தோராம் ஆயிரத்தாண்டின் அறுவைச் சிகிச்சை வல்லுநர்கள் அந்த ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்க முடியாமல் திணறுகிறார்கள்.

பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை கவசம். முகத்தை மூடிய தலைக்கவசம். உள்ளே இருப்பது ஆணா, பெண்ணா, யாருமே இல்லையா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டரைக்கூட மாற்றாமல் பாதிப் படையைப் பெண்கள் என்று அறிவிக்கலாம். செலவு பூஜ்யம். பிணமாக உட்கார்ந்திருக்கும் அந்த ராஜாவின் இருபது வாரிசுகளில் ஒரு மகள் கிடையாது. அவர்களில் இருவரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டன, யார், என்ன என்று கேட்கக் கூடாது என்று கதையே சொல்கிறது. அந்த இருவரும் என்ன குற்றம் செய்திருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

சரி, பெண்களே கிடையாதா? உண்டு. ஒரு சட்ட ஓட்டை வழியாக வந்தார்கள்.

கதையில் ஒரு திருச்சபை. அது ஆயுதம் தாங்கிய ஆண்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு தடையாணை. திருச்சபை யோசித்தது. ஆண்களைத்தானே கூடாது என்றார்கள்? ஆகவே பெண்களைத் திரட்டி ஒரு படை. சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில். ஆக, பெண்ணின் கையில் துப்பாக்கி வந்தது அவள் வீரத்துக்காக அல்ல. வக்கீல் குமாஸ்தா ஒருவர் கண்டுபிடித்த சந்து. எழுதியவர்கள் இதை நையாண்டியாக எழுதினார்கள் என்று நம்ப எனக்கு ஆசைதான். அடுத்து அந்தப் படைக்கு நிறுவனம் செய்ததைப் பார்த்தால் நையாண்டி யாரைப் பற்றி என்று புரியவில்லை.

1997ல் அவர்களுக்கென்று தனி விதிநூல் வந்தது. பொம்மைகள் உலோகத்தில். ஆண் படைகள் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்குக்கு மாறின. விலை குறைவு, எடை குறைவு, கை காலை விரும்பியபடி மாற்றி ஒட்டும் வசதி. ஆண்கள் புதிய கவசம் பெற்றார்கள், புதிய டாங்கி பெற்றார்கள், அப்புறம் இன்னும் பெரிய ஆண்களாகவே வளர்ந்து புதிதாக ஒருமுறை வந்தார்கள். சகோதரிகள் உலோகத்திலேயே நின்றார்கள். 2003ல் அவர்களை வேறொரு நூலுக்குள் குடிவைத்தார்கள். 2011ல் தனி நூல்கூட இல்லை, மாதப் பத்திரிகையின் இரண்டு இதழ்களில் தொடர்கதை மாதிரிப் பிரித்துப் போட்டார்கள். கேட்டால் ஒரே பதில்: விற்பனை இல்லை. கடை அலமாரியில் சரக்கு இல்லை, இருந்தால் விலை கட்டுப்படியாகவில்லை, இரண்டு தலைமுறை மாறியும் அதே பழைய சிற்பம். அதனால் விற்கவில்லை. விற்காததால் புதிதாகச் செய்யவில்லை. செய்யாததால் விற்கவில்லை. இந்தச் செக்கைச் சுற்றி இருபத்திரண்டு வருடம் நடந்தார்கள்.

2019 நவம்பரில் ஒருவழியாகப் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது. நாள் அல்ல, மணி அல்ல, நிமிடம். விற்காது என்று இருபத்திரண்டு வருடம் சாதித்த ஒருவர்கூட வேலையிழந்ததாகச் செய்தி இல்லை.

அந்தச் சகோதரிகளின் கவசத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இடுப்பை இறுக்கிய கச்சு. மார்பில் இரண்டு கும்பங்களாகப் புடைத்த இரும்பு. கொல்லனைக் கேளுங்கள். மார்புத் தகடு ஒரே வளைவாக முன்னால் பிதுங்கி இருக்க வேண்டும், வாள் பட்டால் பக்கவாட்டில் வழுக்கிப் போக வேண்டும். நடுவில் பள்ளம் விட்டால் விழுகிற வெட்டெல்லாம் நேராக நெஞ்செலும்புக்கு வந்து சேரும். எதிரிக்குப் பாதை போட்டுக் கொடுத்த கவசம் அது. உயிரைக் காப்பது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை, எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பவருக்கு இது பெண் என்று சந்தேகமில்லாமல் தெரிவிப்பது. பாவம் செய்த சகோதரிகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்றும் உண்டு. அவர்கள் பிராயச்சித்தமாகக் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கந்தல் துணியோடு ரம்பவாள் தூக்கி ஓட வேண்டும். இறையியல் எப்போது துணியைக் குறைக்கச் சொல்கிறது என்பது சிற்பிக்குத் தெரியும்.

சாதாரணக் காலாட்படையில் நடந்தது இதைவிட அற்பம். கதைப்படி அங்கே ஆண், பெண் பேதமே கிடையாது. சாவதற்கு எல்லோரும் தகுதியானவர்கள். டான் ஆப்னெட்டின் நாவல்களில் 2000களின் தொடக்கத்திலேயே பெண் சிப்பாய்கள் சேற்றில் புரண்டு சண்டை போடுகிறார்கள். வாசகர்கள் ரசித்தார்கள். யாரும் மயங்கி விழவில்லை. ஆனால் கடையில் விற்ற கேடியா என்ற கிரகத்துக் காலாட்படைப் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் ஆண் முகம். பெண் முகங்களும் சேர்ந்த புதுப் பெட்டிக்கு 2020கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடல் ஒன்றுதான். சட்டை ஒன்றுதான். துப்பாக்கி ஒன்றுதான். மாற வேண்டியது தலை. அந்தத் தலை மிளகு அளவு. ஒரு மிளகுக்கு இருபது வருடம்.

இதுதான் சூட்சுமம். காகிதத்தில் பெண் இலவசம். பிளாஸ்டிக்கில் பெண் செலவு. எஃகு அச்சு வெட்டப் பெருந்தொகை வேண்டும், ஆகவே அங்கே ஆண். நாவலில் ஒரு பெயரை மாற்றக் காசு வேண்டாம், ஆகவே அங்கே சமத்துவம். அறிக்கைக்கு அதுவும் வேண்டாம். 2020 ஜூனில் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. இந்த விளையாட்டு எல்லோருக்குமானது, அது பிடிக்காதவர்கள் போய்விட்டால் நாங்கள் வருந்த மாட்டோம் என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டே ஸ்பெயினில் ஒரு போட்டிக்கு நாஜிச் சின்னம் போட்ட உடையோடு ஒருவர் வந்து உட்கார்ந்து ஆடினார். அதற்கும் ஓர் அறிக்கை. அறிக்கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டுமே நல்ல ஆங்கிலம். அறிக்கையை வெட்டி ஒட்டி வண்ணம் பூசி மேஜையில் நிறுத்த முடியாது என்பது மட்டும்தான் சிக்கல்.

இதே நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டில், ஏஜ் ஆஃப் சிக்மரில், இடிமின்னல் வீரர்களின் படை ஒன்று இருக்கிறது. அதிலும் தலை முதல் கால் வரை தங்கக் கவசம்தான். அங்கே ஆணும் பெண்ணும் ஒரே பெட்டியில் வருகிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. பங்கு விலையும் விழவில்லை.

இப்போது அடுத்த மேஜைக்குப் போவோம். அங்கே கனவுக்கதைக்கு இடமில்லை. அவர்கள் சரித்திரக்காரர்கள். வாட்டர்லூ, போரோடினோ, ஸ்டாலின்கிராட். இந்தக் கூட்டத்தில் பொத்தான் எண்ணுபவர்கள் என்றே ஒரு வகை உண்டு. 1812ல் இன்ன ரெஜிமென்டின் சட்டைக் கைமடிப்பில் எத்தனை பொத்தான், எந்த நிறக் கரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பெண் பொம்மைகள் எங்கே என்று கேளுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அது சரித்திரத் துல்லியத்துக்கு ஒவ்வாது என்பார்கள்.

அதே நெப்போலியப் போர்களில் நதேழ்தா துரோவா என்ற பெண் ஆண்வேடத்தில் ரஷ்யக் குதிரைப்படையில் சேர்ந்து சண்டை போட்டார். விஷயம் தெரிந்த பிறகும் ஜார் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அதிகாரிப் பதவியும் புதிய பெயரும் கொடுத்தார். ஜாருக்கு இருந்த தாராளம் பொத்தான் எண்ணுபவருக்கு இல்லை. இரண்டாம் உலகப்போரில் சோவியத் படைகளில் சுமார் 8 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். குறிபார்த்துச் சுடும் வீராங்கனை லுத்மிலா பவ்லிசென்கோவின் கணக்கில் மட்டும் 309 எதிரிகள். எட்டு லட்சம் பேர் கண்ணில் படவில்லை, எட்டாவது பொத்தான் படுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப பிரிட்டனில் ஆனி நார்மன் என்ற பெண் பேட் ஸ்க்விடோ கேம்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம் தொடங்க வேண்டியிருந்தது. நம்பத்தகுந்த பெண் பொம்மைகள் என்பதுதான் அதன் விளம்பரம். துணி உடுத்தி, காலைத் தரையில் ஊன்றி, ஆயுதத்தை ஒழுங்காகப் பிடித்த பெண் என்பது தனியாக விளம்பரம் செய்து விற்க வேண்டிய அபூர்வச் சரக்கு ஆகிவிட்டது.

சரித்திரம், சரித்திரம் என்று மேஜையைத் தட்டுகிறார்களே, அந்த மேஜையின் சரித்திரம் தெரியுமா?

1942 ஜனவரி. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்குச் சோறு கொண்டுவரும் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. லிவர்பூல் நகரின் டெர்பி ஹவுஸ் மாடியில், அவற்றை எதிர்க்க உத்தி வகுக்கும் ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். தலைவர் கில்பர்ட் ராபர்ட்ஸ், காசநோயால் கடற்படையிலிருந்து அனுப்பப்பட்டவர். அவருக்குக் கொடுத்த ஆட்கள்? கடற்படையின் மகளிர் துணைப்பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தரையில் லினோலியம் விரித்து, கட்டம் போட்டு, மரக் கப்பல்களை நகர்த்தி, போரைத் திரும்பத் திரும்ப விளையாடிப் பார்த்தார்கள். ஆமாம். போர் விளையாட்டு. குட்டி பொம்மை, அளவுகோல், முறை வைத்து நகர்த்தல், எல்லாமே. பயிற்சிக்கு வந்த கப்பல் தலைவர்களைக் கித்தான் திரைக்குப் பின்னால் நிறுத்தி, கடலில் தெரிகிற அளவுக்கு மட்டும் ஓட்டை வழியே பார்க்க விட்டார்கள். நீர்மூழ்கியின் தடத்தைப் பச்சை சாக்குக்கட்டியால் வரைந்தார்கள். பழுப்புத் தரையில் ஓட்டை வழியே பார்ப்பவருக்கு அது தெரியாது.

அந்தத் தரையில் மண்டியிட்டு ஆடிக் கண்டுபிடித்தது என்ன? நீர்மூழ்கி தூரத்தில் நின்று சுடவில்லை. இரவில் பின்பக்கமாக வந்து, கப்பல் வரிசைகளுக்கு நடுவே புகுந்து, சுட்டுவிட்டு, அங்கேயே மூழ்கி, வரிசை தன் தலைக்கு மேல் கடந்துபோகும்வரை காத்திருக்கிறது. காவல் கப்பல்கள் அதுவரை வெளிப்பக்கம் ஓடித் தேடிக்கொண்டிருந்தன. புதிய உத்தி, பின்வாங்கி வரிசையின் வால்பக்கத்தைத் துழாவுவது. அதற்கு ராஸ்ப்பெரி என்று பெயர் வைத்தது ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண். நாக்கை நீட்டி ஒலியெழுப்பிக் கேலி செய்வதற்கு ஆங்கிலேயர்கள் சொல்லும் சொல் அது. கேலி ஹிட்லருக்கு.

பிற்பாடு அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன் தளபதியாக வந்தார். முதல் உலகப்போரில் நீர்மூழ்கித் தலைவராகப் பேர் வாங்கியவர். சிறு பெண்கள் தரையில் சாக்குக்கட்டி வைத்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, நானே நீர்மூழ்கியாக ஆடுகிறேன் என்று இறங்கினார். ஐந்து ஆட்டம். ஐந்திலும் அட்மிரல் மூழ்கினார். ஆட்டத்தில் ஏதோ தில்லுமுல்லு என்று கோபப்பட்டார். எதிரே ஆடியது ஜேனட் ஓகெல் என்ற பெண். கடலில் ஒரு கப்பலைக்கூட நடத்தியறியாதவர்.

கிட்டத்தட்ட 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் கற்றார்கள். உயிர் தப்பிய மாலுமிகளின் எண்ணிக்கையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.  ராபர்ட்ஸுக்கு சிபிஇ பட்டம் கிடைத்தது. போர் முடிந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள், பல பதிற்றாண்டுகளுக்குப் பேச்சு மூச்சு இல்லை. இப்போது சொல்லுங்கள். போர் விளையாட்டு நிஜமான ஒரு போரைத் திருப்பிப்போட்ட மிகச் சில தருணங்களில் அது ஒன்று, அந்தத் தரையில் ஆடியவர்கள் பெண்கள். இது எங்கள் ஏரியா, ரசனை கெட்டவர்கள் உள்ளே வந்து கெடுக்கிறார்கள் என்று கூவுகிறவர்கள் யாருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கூவுகிறார்கள்?

எச்.ஜி. வெல்ஸ் 1913ல் லிட்டில் வார்ஸ் என்று ஒரு நூல் எழுதினார். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கான விதிகள். இந்தப் பொழுதுபோக்கின் ஆதிநூல்களில் ஒன்று. தலைப்பிலேயே யாருக்கான ஆட்டம் என்று சொல்லிவிட்டார். 12 வயது முதல் 150 வயது வரையிலான பையன்களுக்கு. அப்புறம், பையன்களின் ஆட்டங்களை விரும்புகிற, கொஞ்சம் கூடுதல் புத்தியுள்ள பெண்களுக்கு. கிண்டல்தான், ஆனாலும் நூறு வருடத்துக்கு முந்தைய மனிதர் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் அதற்குத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

தாழ்ப்பாள் பொம்மைக் கடையில் மட்டும் இல்லை. ஸ்வீடனில் பிர்கா என்ற இடம். 1878ல் ஒரு வைகிங் கல்லறையைத் தோண்டினார்கள். வாள், கோடாரி, ஈட்டி, கவசம் துளைக்கும் அம்புகள், இரண்டு கேடயம், இரண்டு குதிரை. மடியில் ஒரு முழு செட் விளையாட்டுக் காய்கள். படை நடத்தும் தந்திரம் பயின்ற பெருவீரன் என்று முடிவுகட்டினார்கள். 2017ல் மரபணுவைச் சோதித்தார்கள். பெண். உடனே அறிவுலகம் விழித்துக்கொண்டது. எலும்பு மாறிப் போயிருக்குமோ? இன்னொரு உடல் இருந்திருக்குமோ? ஆயுதங்கள் அவளுடையவை என்று எப்படிச் சொல்வது? நூறு வருடத்துக்கு மேல் அது ஆணாக இருந்தபோது இதில் ஒரு கேள்விகூட எவர் வாயிலும் வரவில்லை. ஆய்வாளர்களே இதைப் பதில் கட்டுரையில் எழுதிச் சலித்துக்கொண்டார்கள். மடியில் காய்களோடு புதைக்கப்பட்டவளுக்கே இந்தக் கதி. கடைக்குள் நுழையும் பெண்ணிடம், காதலனுக்குப் பரிசு வாங்க வந்தீர்களா என்று கேட்காமல் வேறு என்ன கேட்பார்கள்?

துல்லியக்காரர்களின் நாக்கு எங்கே அடங்கும் என்று ஒரு சோதனை உண்டு. பெண் பொம்மையின் உடையைக் குறையுங்கள். போதும். கிங்டம் டெத் என்ற ஆட்டம் 2017ல் மக்கள் நிதியாக 1.2 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கெட்டிக்காரத்தனமான, இருண்ட ஆட்டம், அதை மறுக்கவில்லை. அதோடு சேர்த்து, கவர்ச்சிப் படக் காலண்டரிலிருந்து இறங்கி வந்த பெண் பொம்மைகளும் தனி வரிசையாக விற்கின்றன. வீட்டிலேயே முப்பரிமாண அச்சு வந்த பிறகு இன்னும் வசதி. ஒரே வீராங்கனை, இரண்டு கோப்பு. ஒன்றில் உடை உண்டு, ஒன்றில் கிடையாது. பனிமலையில் வெறும் தோல்வாரோடு கோடாரி தூக்கி நிற்பவளைப் பார்த்து, அந்தக் குளிரில் அப்படி நிற்க முடியுமா, சரித்திரம் என்ன சொல்கிறது என்று ஒரு பொத்தான் எண்ணி வந்து கேட்டதாக நான் அறியேன். ஒருவேளை எண்ணுவதற்குப் பொத்தான் இல்லாததால் இருக்கலாம்.

செய்ய நினைத்தால் செய்யலாம் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவில் ஸ்க்ராண்டன் என்ற ஊர். பிஎம்சி டாய்ஸ் என்ற சின்னக் கம்பெனி. நம் பிள்ளைகளும் விளையாடியிருக்கும் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள்தான் சரக்கு. 2019ல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கடிதம் எழுதினாள். ஏன் பெண் சிப்பாய் செய்வதில்லை, என் தோழியின் அம்மாவும் ராணுவத்தில் இருக்கிறாரே என்று. கம்பெனிக்காரர் பிள்ளைக்குச் சாக்லேட் அனுப்பி முடித்துக்கொள்ளவில்லை. அறிக்கை விடவில்லை. ஹார்மோன் ஆராய்ச்சி செய்யவில்லை. சிற்பியைப் பிடித்தார், மக்களிடம் பணம் திரட்டினார், அச்சு வெட்டினார். இரண்டு வருடத்துக்குள் தொலைநோக்கி பிடித்த பெண் கேப்டனும், தோளில் பசூக்கா வைத்தவளும் கடைக்கு வந்துவிட்டார்கள். எந்த நாட்டு ராணுவமும் இதனால் கலைக்கப்படவில்லை.

நாட்டிங்காம் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 50 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. 2024 டிசம்பரில் அது லண்டன் பங்குச் சந்தையின் தலையாய நூறு நிறுவனங்களில் ஒன்றானது. வங்கி, எண்ணெய், மருந்துக் கம்பெனிகளுக்கு நடுவே பொம்மைக் கம்பெனி ஒன்று தோளோடு தோள் நிற்கிறது. அதன் விண்வெளிப் படைவீரர் பெட்டியில் ஒரே ஒரு பெண் தலையைச் சேர்க்க அந்தப் பத்தொன்பது உறுப்புகளும் இன்னும் சம்மதிக்கவில்லை. விலையை ஏற்றும்போது மட்டும் எந்த உறுப்பையும் கேட்பதில்லை.